கொசஸ்தலை ஆற்றங்கரையின் கற்கருவிகள்: கேள்வி பதில்

அண்ணா, பழைய கற்கருவிகள் கிடைத்த அத்திரம்பாக்கம் எங்கே இருக்கிறது? போனால் என்ன பார்க்கலாம்?

சென்னைக்கு வடமேற்கே சுமார் 60 கி.மீ., பூண்டி ஏரிக்குப் பக்கம். அருகிலேயே அல்லிக்குழி மலை. அங்கிருந்து இறங்கும் ஓடைகளைச் சேர்த்துக்கொண்டு கொசஸ்தலை ஆறு எண்ணூரில் கடலில் கலக்கிறது. முதலில் பூண்டியில் தொல்லியல் துறையின் அருங்காட்சியகத்தைப் பாருங்கள்.

சார், ஆற்றோரம் கிடக்கிற கூரான கல்லெல்லாம் கருவிதானா?

இல்லை. வெள்ளம் உருட்டினாலும் கல் உடையும். கையில் பிடித்து வெட்டப் பயன்பட்ட கல், அதாவது கைக்கோடரியில், சில்லு பெயர்ந்த தழும்புகள் இரண்டு முகத்திலும், ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வரிசையாக இருக்கும். ஒரு முனை கூர்மை, மறுமுனை உள்ளங்கைக்கு அடக்கம். கல் பெரும்பாலும் குவார்ட்சைட் என்ற கடினப் பாறை. அல்லிக்குழி மலையின் கூழாங்கல் பாறையிலிருந்து வருவது. 1863 மே மாதம் பல்லாவரத்தில் இப்படி ஒன்றைக் கண்டெடுத்த நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட், அதே ஆண்டு செப்டம்பரில் சக நிலவியலாளர் வில்லியம் கிங்குடன் அத்திரம்பாக்கத்துக்கு வந்து சேர்ந்தார்.

கல்லுக்குக் கார்பன் கணிப்பு செல்லாதே, அத்திரம்பாக்கக் கருவிகளுக்கு வயது 15 லட்சம் ஆண்டு என்று எப்படிச் சொல்கிறார்கள்?

நல்ல கேள்வி. கல் வெளியில் கிடக்கும்போது விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் பட்டு, அதிலுள்ள குவார்ட்ஸுக்குள் அலுமினியம்-26, பெரிலியம்-10 என்ற இரண்டு கதிரியக்க அணுக்கள் உண்டாகும். மண்ணுக்குள் ஆழமாகப் புதைந்ததும் வரவு நின்றுவிடும், இருப்பு மட்டும் சிதைந்து கரையும். அலுமினியம் பெரிலியத்தைவிட ஏறக்குறைய இரு மடங்கு வேகமாகக் கரைவதால், மிச்சமிருக்கும் விகிதமே புதைந்த காலத்தைச் சொல்லிவிடும். தொல்லியலாளர்கள் சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் குழு அடுக்கடுக்காகத் தோண்டி, களிமண்ணில் கிடைத்த கருவிகளையே இப்படிச் சோதித்தது. பூமியின் காந்தத் திசை அவ்வப்போது தலைகீழாக மாறியிருப்பதால், மண்ணில் பதிந்திருந்த பழைய காந்தத் திசையையும் தனியாகப் பார்த்தார்கள். அதன்படி குறைந்தது 10.7 லட்சம் ஆண்டு. முதல் வழியின் சராசரிக் கணிப்பு 15 லட்சம். இந்த ஆய்வு 2011இல் வெளியானது. எனக்கு இதில் பெரிய விஷயம் அந்த எண் அல்ல, இரண்டு வழியும் ஒன்றுக்கொன்று முரண்படாததுதான்.

அப்படியானால் 15 லட்சம் வருடமாகத் தமிழர்கள் இங்கே இருக்கிறார்களா?

இல்லை தம்பி. நம் மனித இனமே தோன்றி சுமார் 3 லட்சம் ஆண்டுதான் ஆகிறது. இந்தக் கோடரிகளைச் செய்தவர்கள் நமக்கு முந்திய மனித இனம். அவர்களின் எலும்பு அங்கே கிடைக்கவில்லை. கீழடியின் காலம் கி.மு. 6ஆம் நூற்றாண்டு. இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னால் இரண்டுக்குமே கேடு.

பிறகு அத்திரம்பாக்கம் பற்றி 3.85 லட்சம் ஆண்டு என்று ஒரு செய்தி வந்ததே?

அது 2018இல் வந்தது, மேல் அடுக்குகளைப் பற்றியது. பெரிய கோடரிகள் குறைந்து, திட்டமிட்டுப் பெயர்த்த சிறிய சில்லுகள் பெருகத் தொடங்கிய காலம் அது.

அக்கம்பக்கத்தில் சுற்றியபோது ஒரு கல்லை எடுத்து வந்துவிட்டேன். என்ன செய்வது, அண்ணா?

கழுவாதீர்கள், தேய்க்காதீர்கள். எந்த ஓடை, எந்தக் கரை, மேல்மண்ணிலா மண்சுவரிலா என்று இன்றைக்கே எழுதி வையுங்கள். பிறகு கல்லையும் அந்தக் குறிப்பையும் பூண்டி அருங்காட்சியகத்தில் கொடுத்துவிடுங்கள். இனி எங்காவது கண்ணில் பட்டால் அப்படியே விட்டு, படம் மட்டும் எடுங்கள். எந்த அடுக்கில் கிடந்தது என்று தெரியாத கருவிக்குச் சரியான வயது சொல்வது கடினம்.