பேப்பர் கப் மக்கிவிடாதா?

கேள்வி: விசேஷங்களுக்கு டம்ளர் வாடகைக்கு எடுத்துக் கழுவுவதைவிட பேப்பர் கப் மலிவு, வேலையும் மிச்சம். காகிதம்தானே, மக்கிவிடாதா?

பதில்: முழுசாக மக்காதுங்க. வெறும் காகிதத்தில் சூடான டீயை ஊற்றினால் ஊறிப் பிய்ந்துவிடும் என்பதால் உள்பக்கம் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு கொடுக்கிறார்கள், இரண்டையும் பிரிப்பது பெரும்பாடு. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட 14 வகைப் பொருட்களில் பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் உண்டு, இது பலருக்குத் தெரியாதது எனக்கு வருத்தம்தான். மலிவு என்கிறீர்கள், சரி, ஆனால் ஒவ்வொரு விசேஷத்துக்கும் புதிதாக வாங்குகிறீர்களே, அப்புறம் எச்சில் கப்பை அள்ளும் தூய்மைப் பணியாளரின் உழைப்பை எந்தக் கணக்கில் எழுதுவது? எவர்சில்வர் டம்ளரே எடுங்கள், கழுவ ஓர் ஆளுக்கு நல்ல கூலி கொடுங்கள்.