தையல் மெஷின் இடுப்பு வலி: குனியும் பயிற்சி வேண்டாம்

வணக்கம் சகோ. பவர் மெஷினில் ஒன்பது மணி நேரம் உட்காருவதாகவும், எழுந்து நடந்தால் வலி குறைவதாகவும், தினமும் காலையில் குனிந்து கால் விரலைத் தொட்டும் பலனில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பயிற்சியை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். இரவில் படுத்திருக்கும்போது முதுகெலும்பு டிஸ்குகள் (எலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் தட்டுகள்) நீர் ஏறி உப்பியிருக்கும். எழுந்தவுடன் முழுசாகக் குனிந்தால் அவற்றின் மேல் அழுத்தம் கூடும். அப்புறம், பகல் முழுக்கத் துணிமேல் குனிந்தேதான் வேலை செய்கிறீர்கள்.

உங்களுக்குத் தேவை பின்பக்க அசைவு. குப்புறப் படுத்து, முழங்கைகளை ஊன்றி நெஞ்சை மட்டும் தூக்குங்கள். இடுப்பு பாயிலேயே இருக்கட்டும், மூச்சை அடக்காதீர்கள். ஒன்றிரண்டு நிமிடம் போதும். வலி நடு இடுப்புக்குள் ஒடுங்கினால் நல்லது. காலுக்கு இறங்கினால் உடனே நிறுத்திவிடுங்கள். கடையில் அரை மணிக்கு ஒருமுறை எழுந்து, கைகளை இடுப்பில் வைத்து ஐந்தாறு தடவை மெல்லப் பின்னால் வளையுங்கள்.

ஸ்டூலையும் பாருங்கள். இடுப்பு முழங்காலைவிடச் சற்று உயரமாக இருக்க வேண்டும். பெடல் தள்ளியிருந்தால் அதை எட்ட எட்ட இடுப்பு கோணலாகும், ஸ்டூலைக் கிட்டே இழுத்துப் போடுங்கள். வலிக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

வலிக்குப் பயந்து நாள்கணக்கில் படுத்துவிடாதீர்கள், நடப்பது நல்லது. ஆனால் கால் பலமிழந்தாலோ, தொடை இடுக்கு மரத்தாலோ, சிறுநீர் கட்டுப்படாமல் போனாலோ அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.