இன்டர்வியூ தேதி வரவில்லை. வீட்டுக்கு அட்வான்ஸ் வாங்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 49. மதுரை விளாங்குடியில் சொந்த வீடு. ஒரு மில்லில் 21 வருடமாகக் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். அடிப்படைச் சம்பளம் 38,000 ரூபாய். மனைவி தனியார் பள்ளி ஆசிரியை. மகளுக்கு 22 வயது, பி.இ. முடித்துவிட்டாள். மகன் ஒன்பதாம் வகுப்பு. அமெரிக்கக் குடிமகளான என் அக்கா 2006-ல் எங்கள் குடும்பத்துக்காக கிரீன் கார்டு மனு போட்டார். 2010-ல் மனு ஏற்கப்பட்டது. இப்போதுதான் எங்கள் முறை வந்து, பணம் கட்டி, படிவங்களை ஏற்றி, 'ஆவணங்கள் முழுமை' என்று மெயிலும் வந்தது. அதற்கப்புறம் எட்டு மாதம் ஓடிவிட்டது, இன்டர்வியூ தேதி வரவில்லை. இதற்கிடையில் வீட்டை ஒருவர் 72 லட்சத்துக்குக் கேட்கிறார். பத்து லட்சம் அட்வான்ஸ், அதில் பாதி ரொக்கம், மூன்று மாதத்தில் கிரையம் என்கிறார். நாங்கள் 2009 டிசம்பரில் 22 லட்சத்துக்கு வாங்கிய வீடு. டெபாசிட்டில் 18 லட்சம், மியூச்சுவல் ஃபண்டில் 9 லட்சம், பி.பி.எஃப்.பில் 6 லட்சம், லாக்கரில் மகளுக்கு 40 பவுன் இருக்கிறது. மகளுக்கு வரனும் வருகிறது. வீட்டைக் கொடுத்துவிடலாமா? வேலையை விட்டுவிட்டுத் தயாராக இருப்பது நல்லதா?

பதில்: வீட்டை இப்போது கொடுக்காதீர்கள். வேலையையும் விடாதீர்கள். விசா ஒட்டிய பாஸ்போர்ட் நான்கும் உங்கள் கைக்கு வரும் வரை, திரும்ப எடுக்க முடியாத எந்தப் பண முடிவும் வேண்டாம். இது என் சொந்தக் கருத்து மட்டும் இல்லை. விசா கிடைப்பதற்கு முன் சொத்தை விற்காதீர்கள், வேலையை விடாதீர்கள், டிக்கெட் போடாதீர்கள் என்று அமெரிக்க வெளியுறவுத் துறையே விண்ணப்பதாரர்களுக்குச் சொல்கிறது.

இருபது வருடம் காத்திருந்தவருக்கு இந்த எட்டு மாதம்தான் மிகவும் கனக்கும் என்று எனக்குத் தெரியும். உடன்பிறந்தோர் பிரிவில் உலகம் முழுவதற்கும் சேர்த்து வருடத்துக்கு ஏறத்தாழ 65,000 விசாதான். எந்த ஒரு நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்ற உச்சவரம்பும் உண்டு. உங்கள் அக்கா போட்ட மனு இத்தனை வருடம் கிடந்ததற்குக் காரணம் அதுதான். இப்போது ஆவணங்கள் முழுமை என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் அது வரிசையில் நிற்க அனுமதி, அவ்வளவுதான். மும்பை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் இடம் காலியாகும்போதுதான் தேதி தருவார்கள். அது அடுத்த மாதமும் வரலாம், இன்னும் பல மாதம் கழித்தும் வரலாம். மூன்று மாதத்தில் கிரையம் என்று எழுதிக் கொடுப்பது, உங்கள் கையில் இல்லாத தேதிக்கு நீங்கள் ஜாமீன் நிற்பதுபோல.

சில வருடம் முன்பு நரிமேட்டிலிருந்து ஒரு தம்பதி என்னிடம் வந்தார்கள். அவர்களுக்கு இன்டர்வியூ கடிதமே வந்திருந்தது. அந்தச் சந்தோஷத்தில் வீட்டைக் கிரையம் பண்ணி, கேஸ் கனெக்ஷனை ஒப்படைத்து, கிரைண்டர் முதல் பித்தளை அண்டா வரை சொந்தக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். மும்பையில் அதிகாரி நல்லபடியாகத்தான் பேசினாராம். ஆனால் கையில் 221(ஜி) என்று ஒரு தாளைக் கொடுத்து, ஸ்பான்சர் பக்கத்திலிருந்து இன்னொரு ஆவணம் வேண்டும், அது வரும் வரை முடிவு இல்லை என்று அனுப்பிவிட்டார். அந்த 'வரும் வரை' பதினோரு மாதம் நீண்டது. வாடகை வீட்டில், கொடுத்த கிரைண்டரை மறுபடி கடையில் வாங்கி, வீடு விற்ற பணத்தையே மாதாமாதம் எடுத்துச் சாப்பிட்டார்கள். கடைசியில் விசா வந்தது, போய்விட்டார்கள். கொண்டுபோன பணம்தான் ரொம்பக் குறைந்துபோயிருந்தது. உங்கள் கடிதத்தைப் படித்ததும் அந்த அம்மா என் மேஜையில் வைத்த பாஸ்புக்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

நீங்கள் அவசரப்படத் தேவையே இல்லை என்பதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. குடியேற்ற விசா ஒட்டினால், மருத்துவப் பரிசோதனை நாளிலிருந்து வழக்கமாக ஆறு மாதம் வரை அது செல்லும். அதற்குள் போய் இறங்கினால் போதும். வீடு, வேலை, பள்ளி எல்லாவற்றையும் முடிக்க வேண்டிய காலம் அந்த ஆறு மாதம்தான்.

வீட்டு விற்பனையில் அந்தக் காலத்தை எப்படிப் பயன்படுத்துகிறீர்கள் என்பதில் லட்சக்கணக்கில் வித்தியாசம் வரும், இதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். இந்தியாவில் வசிப்பவராக வரிக்கணக்கில் இருந்துகொண்டு விற்றால், 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய வீட்டுக்கு இரண்டு வழி உண்டு: பணவீக்கக் குறியீட்டைச் சேர்த்து 20 சதவீதம், அல்லது சேர்க்காமல் 12.5 சதவீதம். எது குறைவோ அதைக் கட்டலாம். நீங்கள் வாங்கிய 2009-10-க்குக் குறியீடு 148, 2025-26-க்கு 376. உங்கள் 22 லட்சம் அந்தக் கணக்கில் ஏறக்குறைய 55.89 லட்சம் ஆகிறது. 72 லட்சத்தில் அதைக் கழித்தால் லாபம் 16.11 லட்சம், வரி 3.22 லட்சம். குறியீடு இல்லாமல் போட்டால் லாபம் 50 லட்சம், வரி 6.25 லட்சம். இரண்டுக்கும் செஸ் தனி. வெளிநாடு வாழ் இந்தியர் ஆனபிறகு விற்றால் முதல் வழி கிடையாது, 6.25 லட்சம்தான். அதுமட்டுமில்லை. நீங்கள் இங்கே வசிப்பவராக இருந்தால் வாங்குபவர் பிடிக்கும் டி.டி.எஸ். ஒரு சதவீதம், அதாவது 72,000 ரூபாய். வெளிநாடு வாழ் இந்தியர் என்றால் லாபத்தில் இல்லை, முழு விலையிலேயே 12.5 சதவீதத்துக்கு மேல் பிடிப்பார்கள், ஒன்பது லட்சத்தைத் தாண்டும். குறைத்துப் பிடிக்க வரித்துறையில் சான்றிதழ் வாங்கலாம், அதற்கும் அலையவேண்டும்.

அப்போ எப்போது விற்பது? ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 30 வரை எண்ணினால் 183 நாள். ஒரு நிதியாண்டில் 182 நாள் இங்கே இருந்துவிட்டால் அந்த வருடம் நீங்கள் வசிப்பவர், சந்தேகமே இல்லை. விசா அக்டோபருக்குப் பிறகு வந்தால், மார்ச் 31-க்குள் பத்திரத்தை முடித்துவிட்டுக் கிளம்புங்கள். மே, ஜூனில் வந்தால் செப்டம்பர் வரை இருந்து, விற்றுவிட்டுப் போகலாம். எதுவானாலும் அமெரிக்காவில் இறங்கும் முன் விற்றுவிட்டால் அங்கே அந்த லாபத்துக்கு வரி கேட்க மாட்டார்கள். இறங்கிய நாளிலிருந்து உங்கள் உலக வருமானம் முழுவதும் அவர்கள் கணக்கில் வரும்.

ஒருவேளை அந்த நேரத்தில் நல்ல விலை படியவில்லை என்றால் அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட வேண்டாம். குடும்பத்தோடு போய் இறங்கி, கார்டு வந்தபின் நீங்கள் மட்டும் சில வாரம் வந்து முடிக்கலாம். ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து வெளியே இருந்தால் திரும்பும்போது கேள்வி வரும், ஒரு வருடம் தாண்டினால் கார்டுக்கே ஆபத்து. வரி கூடுதலாகப் போகும், ஆனால் நஷ்டத்துக்கு விற்பதைவிட மேல்.

ரொக்க அட்வான்ஸ் பேச்சையே எடுக்காதீர்கள். அசையாச் சொத்துக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகைக்குச் சமமான அபராதம் வரும். ஐந்து லட்சம் ரொக்கத்துக்கு ஐந்து லட்சம் அபராதம். ஒப்பந்தம் போட்டுவிட்டு நீங்கள் பின்வாங்கினால், கிரையம் செய்துகொடுக்கச் சொல்லி அவர் கோர்ட்டுக்குப் போகவும் முடியும்.

விற்காவிட்டாலும் விற்பனைக்கான தாள்களை இப்போதே அடுக்கி வையுங்கள். மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று, உங்கள் பெயரில் பட்டா, வீட்டு வரி ரசீது எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கட்டும். பெயரில் ஓர் எழுத்துப் பிழை இருந்தாலும் இப்போது திருத்துங்கள். விசா வந்த பிறகு தாலுகா ஆபீஸ் படியேற நேரம் இருக்காது.

வேலை விஷயத்துக்கு வருவோம். இன்று விட்டால் உங்களுக்குக் கிடைக்கப்போவது ஓய்வு மட்டும்தான். சம்பளம் நிற்கும், பி.எஃப். நிற்கும். உங்கள் கிராஜுவிட்டி 38,000-ஐ 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, 21 வருடத்துக்குக் கணக்கிட்டால் சுமார் 4.6 லட்சம், இன்னொரு வருடம் இருந்தால் இன்னும் 22,000 ரூபாய்போலச் சேரும். விசா வந்தபின் நோட்டீஸ் கொடுத்தால் போதும். வெளிநாட்டில் நிரந்தரமாகக் குடியேறுபவர் பி.எஃப். பணம் முழுவதையும் எடுக்க விதி இடம் கொடுக்கிறது. அதற்கு முன் ஆதார், பான், பாஸ்போர்ட், பி.எஃப். கணக்கு நான்கிலும் உங்கள் பெயரும் இனிஷியலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். நம் ஊர் இனிஷியல் பழக்கத்தால் மாட்டிக்கொள்பவர்களை வாரத்துக்கு ஒருவரையாவது பார்க்கிறேன். உங்கள் மனைவிக்கும் இதேதான்: கல்வியாண்டு நடுவில் விட வேண்டாம். மகனுக்குப் பள்ளிக் கட்டணத்தை வருடத்துக்கு மொத்தமாகக் கட்டாமல் டெர்ம் டெர்மாகக் கட்டுங்கள்.

டெபாசிட் 18 லட்சத்தை ஐந்து வருடத்துக்குப் பூட்டாதீர்கள். மூன்றாகப் பிரித்து, மூன்று மாதம், ஆறு மாதம், ஒரு வருடம் என்று போட்டு, முதிர முதிரப் புதுப்பியுங்கள். வட்டி கொஞ்சம் குறையும், ஆனால் தேதி வந்த அன்று உடைத்து அபராதம் கட்ட வேண்டியதில்லை.

மியூச்சுவல் ஃபண்டை மட்டும் அமெரிக்காவுக்குள் கொண்டுபோகாதீர்கள். இந்திய ஃபண்டுகளை அவர்கள் சட்டம் தனி வகையாக வைத்துக் கடுமையாக வரி போடுகிறது, ஒவ்வொரு ஃபண்டுக்கும் 8621 என்று ஒரு படிவம் வேறு. ஆகவே இறங்கும் முன் முழுவதும் விற்றுவிட வேண்டும். காத்திருக்கும் இந்தக் காலத்தை இதற்குப் பயன்படுத்தலாம்: ஈக்விட்டி ஃபண்டில் ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்ததை விற்றால், நிதியாண்டுக்கு 1.25 லட்சம் லாபம் வரை வரி இல்லை. மார்ச்சுக்குள் அந்த அளவு லாபத்தை எடுத்து, விரும்பினால் மறுபடி அதிலேயே போடுங்கள். அடுத்த வருடமும் அப்படியே. கடைசி நாளில் கட்டவேண்டிய வரி தானாக இறங்கிவிடும். பி.பி.எஃப். முதிர்வு வரை ஓடட்டும். வெளிநாடு வாழ் இந்தியர் ஆனால் அதன்பின் நீட்டிக்க முடியாது. அங்கே போனபின் இந்தியக் கணக்குகள் எல்லாம் சேர்ந்து ஒருநாளாவது 10,000 டாலரைத் தாண்டினால் வருடாவருடம் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும், மறக்காதீர்கள்.

மகள் விஷயம் பணத்தைவிடப் பெரியது. 21 தாண்டிவிட்டாளே என்ற பயம் உங்களுக்கு இருக்கும். மனு ஏற்கப்படாமல் கிடந்த நான்கு வருடத்தை அவள் வயதிலிருந்து கழித்துத்தான் பார்ப்பார்கள். முறை வந்த நாளின் வயது, அதில் நான்கு குறைவு. அதன்படி அவள் தப்புகிறாள் என்றே தோன்றுகிறது, ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் தேதிகளைக் காட்டி உறுதி செய்யுங்கள், அந்தக் கட்டணம் வீண் இல்லை. ஆனால் அவள் அமெரிக்காவில் இறங்கும்வரை திருமணம் ஆகாதவளாக இருக்கவேண்டும். பதிவுத் திருமணம் செய்தாலும் வாய்ப்பு போய்விடும். வரன் வீட்டாரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். பேசி வையுங்கள், பாக்கு வெற்றிலைகூட மாற்றுங்கள், தாலி அவள் போய் இறங்கிய பிறகு. மாப்பிள்ளைக்கு அவள் தனியாக மனு போட்டு அழைக்கவேண்டும், அதற்கும் காலம் பிடிக்கும். அது அவர்களுக்கு இப்போதே தெரிய வேண்டும். 40 பவுன் லாக்கரிலேயே இருக்கட்டும்.

அக்காவிடம் ஒரு போன் பேசுங்கள். அவருடைய ஆதரவுப் பத்திரத்துக்கு, அவர் குடும்பத்தோடு நீங்கள் நால்வரும் சேர்ந்த எண்ணிக்கைக்கான வறுமைக்கோட்டில் 125 சதவீத வருமானம் வேண்டும். இடையில் ஓய்வு பெற்றிருந்தால் இன்னொரு ஸ்பான்சர் தேவைப்படலாம். புதிய வருமானவரிக் கணக்கைத் தாக்கல் செய்ததும் உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். நரிமேட்டுத் தம்பதியிடம் இல்லாமல்போனது இந்த ஒரு தாள்தான்.

இன்டர்வியூ செலவுக்கு ஆறு லட்சம் தனியாக ஒதுக்கச் சொல்வேன்: சென்னையில் மருத்துவப் பரிசோதனை, தடுப்பூசிகள், மும்பையில் நால்வரும் தங்கும் செலவு, விசா வந்தபின் ஆளுக்கு 235 டாலர் குடியேற்றக் கட்டணம், டிக்கெட். தடுப்பூசிச் சீட்டுகளை மதுரையிலேயே தேடி எடுத்து வையுங்கள். எக்ஸ்ரேயில் சந்தேகம் வந்தால் சளிப் பரிசோதனை முடிவுக்கே ஏறக்குறைய எட்டு வாரம் ஆகும், அதனால் பாண்டியன் எக்ஸ்பிரஸில் கடைசி நேரத்தில் ஏறிப் போகும் திட்டம் வேண்டாம். இங்குள்ள மருத்துவக் காப்பீட்டுக்கும் தவறாமல் பிரீமியம் கட்டுங்கள்.

வீடு கேட்டவருக்கு இப்படிச் சொல்லுங்கள்: "விசா கைக்கு வந்ததும் முதல் போன் உங்களுக்குத்தான். அப்போ உங்களுக்கு வேணும்னா பேசிக்கலாம், பணம் முழுக்க பேங்க் வழியா." அவர் காத்திருக்கவில்லை என்றால் வேறொருவர் வருவார். விளாங்குடியில் பத்திரம் சுத்தமாக இருக்கும் வீட்டுக்கு ஆள் வராமல் இருக்காது.