பலமான சீட்டு வந்தால் எவ்வளவு கட்டுவது? போக்கர் கேள்வி பதில்

எல்லாம் நோ-லிமிட் ஹோல்டெம்: ஆளுக்குக் கையில் இரண்டு சீட்டு, மேஜையில் எல்லாருக்கும் பொதுவாக ஐந்து; முதலில் மூன்று (பிளாப்), பிறகு ஒன்று (டர்ன்), கடைசியாக ஒன்று (ரிவர்). பிளைண்ட் (சீட்டு பார்க்கும் முன்பே இருவர் கட்டாயமாகக் கட்டுவது) 50–100, ஆளுக்கு 10,000 சிப்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கே: செட் (கையில் உள்ள ஜோடிக்கு மேஜையில் மூன்றாவது சீட்டு) விழுந்தால் பிளாப்பில் செக் செய்து (எதுவும் கட்டாமல் விட்டு) ஆளை உள்ளே இழுப்பதுதானே புத்திசாலித்தனம்?

ப: கணக்குப் போட்டுப் பாருங்கள். நீங்கள் 300க்கு ரைஸ் (தொகையை ஏற்றுவது), பெரிய பிளைண்ட் கட்டியவர் மட்டும் கால் (அதே தொகை கட்டி வருவது). பாட் (நடுவில் சேர்ந்த மொத்தம்), சின்ன பிளைண்டின் 50ஐயும் சேர்த்து, 650. முக்கால் பாட் வீதம் மூன்று சுற்றும் கட்டி, அவர் கடைசிவரை வந்தால் 490, 1,220, 3,050, ஆக 4,760. பிளாப்பை செக் செய்துவிட்டு மற்ற இரண்டு சுற்றில் அதே வீதம் கட்டினால் 1,710தான். ஒரு செக்கில் 3,050 போச்சு. பாட் வட்டிக்கு வட்டி போல வளர்வது; பெரிய தொகை ரிவரில்தான் வரும், முதல் தவணையை பிளாப்பிலேயே கட்டியாக வேண்டும். கையில் ஜோடி இருந்தும் பிளாப்பில் செட் விழுவது எட்டரைக்கு ஒரு தடவை. அதையும் ஒளித்து வைத்தால் எப்படி?

கே: ஃப்ளஷ் டிராவோடு (ஒரே சின்னத்தில் நான்கு சீட்டு, ஐந்தாவதுக்குக் காத்திருக்கும் கை) வருபவரை விரட்ட எவ்வளவு கட்ட வேண்டும்?

ப: ஏன் விரட்டுகிறீர்கள்? வசூல் செய்யுங்கள். டர்னில் அவருக்குத் தெரியாத 46 சீட்டில் உதவுவது 9, அதாவது 19.6%. நீங்கள் மூன்றில் ஒரு பங்கு பாட் கட்டினால் அவர் கால் செய்ய 20% போதும், ஏறக்குறைய சமன். அரை பாட்டுக்கு 25%, முழு பாட்டுக்கு 33% வேண்டும். அரைக்கு மேல் கட்டினால் ஒவ்வொரு காலும் அவருக்கு நஷ்டம். அவர் காத்திருந்தது ஆட்டின் என்று வையுங்கள்; ரிவரில் மூன்றாவது ஆட்டின் விழுந்துவிட்டால் மட்டும் நின்று யோசியுங்கள்: உங்களைவிட மட்டமான எந்தக் கை இதற்குக் கால் செய்யும்? பெயர் சொல்லத் தெரியாவிட்டால் கட்டாதீர்கள்.

கே: ஏஸ் ஜோடி. சத்தமில்லாமல் லிம்ப் (ரைஸ் இல்லாமல் பெரிய பிளைண்ட் அளவு மட்டும் கட்டி நுழைவது) செய்யலாமா?

ப: கூடாது. ஏதோ ஒரு கையோடு வரும் ஒருவருக்கு எதிராக ஏஸ் ஜோடி ஜெயிப்பது 85%. ஐந்து பேர் நுழைந்தால் 49%.

கே: பின்னால் எதற்கெடுத்தாலும் ரைஸ் செய்பவர் உட்கார்ந்திருந்தாலுமா?

ப: அங்கே ஒப்புக்கொள்கிறேன். அவர் 500 ஆக்கினால் நீங்கள் 1,600 ஆக்கலாம். அவர் அன்றைக்குப் பார்த்து சும்மா இருந்துவிட்டால் பெரிய பிளைண்ட் 7-2 போன்ற மட்டமான கையை வைத்துக்கொண்டு ஓசியில் பிளாப் பார்ப்பார்.

கே: அப்படியென்றால் ஒளித்து ஆட இடமே இல்லையா? ராஜா ஜோடி, பிளாப் ராஜா-7-2, மூன்றும் வேறு வேறு சின்னம். கட்டினால் எல்லாரும் ஃபோல்டு (சீட்டைப் போட்டுவிட்டு விலகுவது).

ப: இது கேள்வி! நான்கு ராஜாவில் மூன்று உங்கள் கணக்கில் போய்விட்டது. கால் செய்ய எதிராளியிடம் என்ன இருக்கும்? டிராவும் கிடையாது. செக் செய்யுங்கள், இல்லாவிட்டால் 200 போதும். அதே பிளாப்பில் உங்களிடம் 7-7 இருந்தால் மூன்று ராஜா வெளியே உலவுகிறது, 490 கட்டுங்கள்.

கே: 7-7தானே சின்ன செட்? அதற்கு அதிகம் கட்டச் சொல்கிறீர்களே, தலைகீழாக இருக்கிறது.

ப: தலைகீழ்தான். ராஜா-ராணி வைத்திருப்பவர் மூன்று சுற்றும் கால் செய்வார். அவர் இருக்க வாய்ப்புள்ள போர்டில் (மேஜைச் சீட்டில்) கட்ட வேண்டும். உங்களிடம் 9-9, பிளாப் 9-8-7, அதில் இரண்டு ஆட்டின் என்றால் செக் என்ற பேச்சே வேண்டாம். 5, 6, 10, ஜாக்கி (வரிசையாக ஐந்து சேர உதவுபவை), எந்த ஆட்டின் விழுந்தாலும் ஒன்று நீங்கள் பின்தங்குவீர்கள், இல்லை எதிராளி பயந்து நிறுத்துவார்.

கே: செட்டை ஸ்லோ-பிளே (பலத்தை ஒளித்து ஆடுவது) செய்யலாமா?

ப: முதல் பதில்.

கே: டூ பேர் (இரண்டு ஜோடி) விழுந்தால் செக் செய்து...

ப: அதே முதல் பதில்.

கே: பணம் கட்டி ஆட எந்த ஆப் நல்லது?

ப: 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், திறமை ஆட்டமா அதிர்ஷ்ட ஆட்டமா என்று பார்க்காமல் பணம் கட்டும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்கிறது. இங்கே கேட்காதீர்கள்.

கே: ரிவரில் முழு பாட் கட்டினால் பலமான கை என்று தெரிந்துவிடாதா?

ப: பலமான கைக்கு மட்டும் கட்டினால் தெரியும். முழு பாட் கட்டும் இடங்களில் இரண்டு பலமான கைக்கு ஒரு புளஃப் (பலமில்லாமல் மிரட்டிக் கட்டுவது), அரை பாட் என்றால் மூன்றுக்கு ஒன்று கலந்து வையுங்கள். எதற்கும் ஃபோல்டு செய்யாத ஆளிடம் அந்த புளஃபும் வேண்டாம். பலமான கைக்கு மட்டும், பெரிதாக.