பழைய நிலக்கரிச் சுரங்கங்களின் குழிகளில் ஏன் அத்தனை பேர் இறந்தார்கள்?

சுரங்க விபத்து என்றதும் எல்லோரும் வாயு வெடிப்பைத்தான் பேசுவார்கள். ஆனால் நீங்கள் கேட்டிருக்கும் குழியும், அதாவது சுரங்கத்துக்குள் இறங்கும் செங்குத்து வழியும், லேசுப்பட்டதல்ல. கயிறு அறுந்து விழுந்தவர்கள், மேலிருந்து உருண்ட கல் தலையில் பட்டவர்கள், கயிற்றை இழுக்கும் இன்ஜினை இன்ஜின்காரர் நேரத்தில் நிறுத்தாததால் கப்பி வரை இழுக்கப்பட்டவர்கள் என்று ஒருவர் இருவராகச் செத்தவர்கள் ஏராளம். ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டு வருவதற்கு முன்பு கயிற்றில் போட்ட வளையத்தில் காலை நுழைத்து, மடியில் ஒரு சிறுவனையும் உட்காரவைத்துக்கொண்டுதான் இறங்குவார்கள்!

என்னைக் கேட்டால், கயிற்றைவிடப் பெரிய எமன் ஒற்றைக் குழிதான். இரண்டாவது குழி வெட்டுவது பெருஞ்செலவு. அதனால் ஒரே குழியை மரப்பலகைத் தடுப்பால் பிரித்து, ஒரு பக்கம் நல்ல காற்றை இறக்கி, மறுபக்கம் கெட்ட காற்றை ஏற்றினார்கள். ஆளும் கரியும் தண்ணீர்க் குழாயும் அதே குழிக்குள்தான்.

இங்கிலாந்தின் நார்தம்பர்லாந்திலுள்ள ஹார்ட்லி சுரங்கமும் அப்படிப்பட்டதே. குழிக்கு நேர் மேலே, நீரிறைக்கும் இன்ஜினின் 42 டன் வார்ப்பிரும்பு உத்தரம். 1862 ஜனவரி 16 அன்று ஷிப்ட் மாறும் நேரத்தில் அது முறிந்து, அதில் ஏறக்குறைய பாதித் துண்டு குழிக்குள் விழுந்தது. மேலே வந்துகொண்டிருந்த கூண்டில் இருந்த எட்டுப் பேரில் ஐவர் இறந்தனர். உடைந்த பலகைகளும் இரும்பும் கல்லும் குழியின் நடுவில் இறுகி அடைத்துக்கொண்டன. கீழே, வேலை முடித்தவர்களும் புதிதாக வந்தவர்களுமாக 199 பேர். இரும்பு அவர்களைத் தொடவில்லை. காற்றோட்டம் நின்றதால் நச்சுவாயு சூழ்ந்துகொண்டது. மீட்புக் குழு 22ஆம் தேதி அவர்களை அடைந்தபோது ஒருவரும் உயிரோடில்லை. ஒருவரது குறிப்பேட்டில் வெள்ளிக்கிழமை பிற்பகல் 1.45க்குக் கூட்டு ஜெபம் நடத்தியதாகவும், 2.30க்குச் சிலர் மிகவும் சுகவீனமாகிவிட்டதாகவும் எழுதியிருந்தது. அதாவது, விபத்துக்கு மறுநாளும் உயிரோடுதான் இருந்திருக்கிறார்கள்.

அந்த ஆண்டே பிரிட்டன் இரண்டு குழிகளைச் சட்டத்தால் கட்டாயமாக்கியது. ஆனால் கடலுக்கு அப்பால் யார் கேட்டார்கள்? அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் இருந்த ஏவன்டேல் சுரங்கத்துக்கும் ஒரே குழி. போதாததற்கு, கரி உடைக்கும் மரக் கட்டடத்தை அதன் தலைமேலேயே கட்டியிருந்தார்கள். 1869 செப்டம்பர் 6 அன்று அந்தக் கட்டடம் தீப்பிடித்தது. மீட்கப் போன இருவரையும் சேர்த்து 110 பேர் மாண்டனர். பென்சில்வேனியா சட்டசபை இரண்டாவது வழியைக் கட்டாயமாக்கியது அதற்குப் பிறகு, 1870இல்.