பம்பூட்டியும் வெறுங்காலும் – கடிதம்

வணக்கம். சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதி வரைக்கும் அயர்லாந்து கிராமத்துப் பிள்ளைகள் வெறுங்காலோடு பள்ளிக்குப் போனார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அந்தக் குளிரிலா? அவ்வளவு வறுமையா, இல்லை பழக்கமா?
ஆர்., கோவை

அன்புள்ள ஆர்.,

குளிர்காலத்தில் இல்லை. மே மாதம் பிறந்ததும் காலணியைக் கழற்றிவிடுவார்கள், குளிர் தொடங்கும்போதுதான் மறுபடி மாட்டுவது. முதலில் சரளைக்கல் குத்தும், அப்புறம் பாதம் காய்த்துவிடும். வறுமை இருந்தது, நிச்சயமாக. நிறையப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் வளர்கிற காலுக்கெல்லாம் யார் காலணி வாங்குவது? ஆனால் காலணி வைத்திருந்த பெண்களே சந்தைக்கும் ஞாயிறு பூசைக்கும் அதைக் கையில் எடுத்துக்கொண்டு மைல் கணக்கில் நடந்து, ஊருக்கு வெளியே கால் கழுவி மாட்டிக்கொண்டார்கள். தேய்ந்துவிடக் கூடாதே! பாதப்பகுதியே இல்லாத கம்பளிக் காலுறைகூட இருந்தது, கெண்டைக்காலுக்கு மட்டும் கதகதப்பு.

எனக்கு மிகவும் பிடித்தது அயர்லாந்தின் மேற்குக் கடலோரத்து அரன் தீவுகளில் போட்ட பம்பூட்டி என்ற செருப்பு. பதனிடாத மாட்டுத்தோல் ஒரே துண்டு, மயிர் வெளிப்பக்கம், விரல் பக்கமும் குதிகால் பக்கமும் மீன்பிடிக் கயிற்றால் இழுத்துக் கட்டியிருக்கும். காய்ந்தால் விறைத்துக் கடிக்கும் என்பதால் இரவில் தண்ணீரில் ஊறப்போடுவார்கள், பகலில் அவ்வப்போது அலையில் காலை நனைத்துக்கொள்வார்கள். தீவு முழுக்கக் கூரான சுண்ணாம்புப் பாறை; அதில் வழுக்காமல் நடக்க இதுதான் சரி. அவர்களுடைய படகும் மரச்சட்டத்தின் மேல் தாரடித்த கேன்வாஸ்தான், ஆணி அடித்த பூட்ஸோடு ஏறினால் ஓட்டை விழுந்துவிடும்.

1898-இல் முதல்முறை அங்கே போன ஐரிஷ் நாடகாசிரியர் ஜே. எம். சிங்கின் ஷூவை அந்தப் பாறை கிழித்துப்போட, தங்கியிருந்த வீட்டுக்காரர்கள் ஒரு ஜோடி செய்துகொடுத்தார்கள். குதிகாலை ஊன்றாமல் விரல்களால் நடக்கப் பழகியதை அவர் ரசித்து எழுதியிருக்கிறார். அதோடு நிறுத்தியிருக்கலாம். கனத்த பூட்ஸ் இல்லாததால்தான் இவர்களிடம் காட்டு விலங்கின் நடை மிஞ்சியிருக்கிறது என்கிறார், அது எனக்கு ஒப்பவில்லை. அவர் வேண்டும்போது ஊருக்குத் திரும்பி வேறு ஷூ வாங்கிக்கொள்ளலாம், தீவுக்காரர்களுக்கு அந்த வசதி ஏது?

வேண்டுமென்றே கழற்றுகிறவர்கள் இன்றும் உண்டு. அயர்லாந்தின் டோனெகல் மாவட்டத்தில் லாக் டெர்க் ஏரித்தீவுக்கு மூன்று நாள் நோன்புக்குப் போகிற கத்தோலிக்கர்கள் வறண்ட ரொட்டியும் பால் இல்லாத தேநீரும் சாப்பிட்டுக்கொண்டு, கரடுமுரடான கல்வட்டங்களை வெறுங்காலோடுதான் சுற்றுகிறார்கள்.