அணு சென்சார் தண்ணீர் காட்டுமா?

கேள்வி: தோட்டத்தில் போர் போட இடம் பார்க்க வந்தவர் ஒரு பெட்டியைக் காட்டி, "உள்ளே அணு சென்சார் இருக்கு, தண்ணி இருக்கிற இடத்துல காந்தப்புலம் மாறும்" என்றார். நம்பலாமா? இந்த சென்சார் செல்போனில் வருமா? (உசிலம்பட்டி வாசகர்)

பதில்: அட்வான்ஸ் கொடுத்துவிட்டீர்களா? இல்லையென்றால் கொஞ்சம் பொறுங்கள். தண்ணீர் இருப்பதைக் காந்தப்புலம் நேராகச் சொல்லாது. நம் பக்கம் அடியில் கடினப்பாறை. அதற்குள் டோலரைட் என்ற காந்தத்தன்மையுள்ள கரும்பாறை நெட்டுக்குத்தாகப் புகுந்திருந்தால் அது காந்தப்புல அளவில் தெரியும். நீரோட்டம் எங்கே தடைபட்டுத் தேங்கும் என்பதைப் புவியியலாளர் அதிலிருந்து ஊகிப்பார், அவ்வளவுதான்.

ஆனால் அணு சென்சார் என்பது கதையல்ல. கண்ணாடிக் குப்பிக்குள் ருபீடியம் என்ற உலோகத்தின் ஆவி இருக்கும். ருபீடியம் 39 டிகிரியில் உருகிவிடும். மதுரை மே மாதத்துக்கு அடுப்பே வேண்டாம்! (போதிய ஆவிக்கு இன்னும் சூடாக்க வேண்டும் என்பது வேறு விஷயம்.) லேசர் ஒளி அணுக்களை ஒரே திசைக்குத் திருப்பும். பிறகு அவை பம்பரம்போல் தலையாட்டும். ஒரு நானோடெஸ்லாவுக்கு (காந்தப்புலத்தை அளக்கும் அலகு) நொடிக்கு சுமார் 7 ஆட்டம். மதுரையில் பூமியின் புலம் ஏறத்தாழ 40,000 நானோடெஸ்லா. ஆக நொடிக்கு 2,80,000 ஆட்டம். அதை எண்ணினால் புலம் தெரிந்துவிடும்.

சிறிதாக்குவதில்தான் வம்பு. குப்பி சுருங்கினால் அணுக்கள் சீக்கிரமே சுவரில் மோதித் திசையை இழக்கும். அதற்காக நைட்ரஜனைச் சேர்த்து அவற்றின் ஓட்டத்தைத் தடுப்பார்கள். நைட்ரஜன் மிஞ்சினால் அந்த மோதலே கெடுக்கும். குப்பியைச் சூடாக்கும் மின்சாரமும் பேட்டரியைத் தின்னும். இத்தனையையும் சமாளித்து 2004-இல் அமெரிக்காவின் தேசிய தரநிர்ணய நிறுவனத்தார் சிலிக்கான் தகட்டில் துளையிட்டு, இருபுறமும் கண்ணாடி ஒட்டி, அரிசியளவு சென்சாரைச் செய்தார்கள். என் கணக்கில் பெரிய வேலை அதுதான்.

இதன் பலன் ஆஸ்பத்திரியில் அதிகம். மூளையின் காந்தப்புலத்தை அளக்கக் கல்பாக்கத்தில் செய்த ஸ்க்விட் கருவிக்கு மைனஸ் 269 டிகிரி திரவ ஹீலியம் வேண்டும். அணு சென்சாருக்கு அந்தக் குளிர் வேண்டாம், தொப்பியில் பொருத்தித் தலையில் மாட்டலாம். வெளிப்புலம் நுழையாத அறை மட்டும் அவசியம்.

செல்போனுக்கு? திசைகாட்ட இப்போதுள்ள சில்லு போதும்.

சரி, உங்கள் தோட்டத்துக்கு வருவோம். எந்தெந்த இடத்தில் என்ன அளவு வந்தது என்று அவரிடம் தாளில் எழுதி வாங்குங்கள். தயங்கினால், மின்தடை சர்வே (நிலத்தில் மின்சாரம் செலுத்திப் பார்ப்பது) எடுக்கும் புவியியலாளரைக் கூப்பிடுங்கள்.